எழுதின பிள்ளையும் எழுதாத பிள்ளையும்

கோப்பிப் பழத்தின் தோலை உரித்து ஆற்றில் தள்ளிவிட்டால் இரண்டு நாளில் அது புளிக்கும், நாலாம் நாள் நாறத் தொடங்கும். அந்த நாற்றத்தில் கொஞ்சம் கள்ளும் கொஞ்சம் அழுகின பலாப்பழமும் கலந்திருக்கும். பழம் பறிக்கிற மாதங்களில் என் கண்ணைக் கட்டி இரட்டைப்பாறைத் தோட்டத்தின் எந்த மூலையில் கொண்டுபோய் விட்டாலும், மூக்கை வைத்தே நான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவேன். புளிப்பு தொண்டையில் இறங்கினால் அது வேலையாட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற ஆற்று லயம். ஈரச் சாக்கும் மாட்டுச் சாணமும் மணந்தால் பழம் உரிக்கிற "ஸ்டோர்". ஒன்றுமே மணக்காமல் காது மட்டும் குளிர்ந்தால் மேட்டு லயம். சுட்ட ரொட்டியும் ரோஜாப் பூவும் மணந்தால் அது துரை பங்களா. அங்கிருந்து யாரும் பார்ப்பதற்குள் ஓடிவிட வேண்டும்.

கண்டியிலிருந்து விடியற்காலையில் மாட்டுவண்டி கட்டி, தலாத்துஓயா வழியாக ஏறினால், ஹேவாஹெட்ட மலைப்பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்குப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம். மழை பெய்துவிட்டால் வழியில் ஏதாவது கடையில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இது தேயிலைக்கு முந்தி, மலை முழுக்கக் கோப்பியாக இருந்த காலத்துக் கதை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற இரண்டு பாறைகள், அவற்றின் நடுவே விழுந்து இறங்கிய ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு லயம், மேட்டில் ஒரு லயம், இரண்டுக்கும் நடுவே ஸ்டோர், ஸ்டோரை ஒட்டித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான என் அப்பாவுக்குக் கொடுத்த இரண்டு அறை வீடு, அடிவாரத்தில் வயலும் கித்துல் மரமுமாக ஒரு சிங்களக் கிராமம், கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு கடை. எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான், அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த ஊரின் பூகோளத்தை மலையையும் ஆற்றையும் வைத்துச் சொல்வதைவிட, யார் யாரைப் பார்த்து வயிறெரிந்தார்கள் என்பதை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். ஆற்று லயத்துக்கு வெயில் உச்சிக்கு ஏறின பிறகுதான் வரும். மேட்டு லயத்துக்குத் தண்ணீர் குடத்தில் ஏறித்தான் வரும். "அவளுகளுக்கென்ன, வாசல்லயே ஆறு ஓடுது" என்று மேட்டுப் பெண்கள் சொல்ல, "அவளுகளுக்கென்ன, விடியும்போதே வெயில் காயறாளுக" என்று ஆற்றுப் பெண்கள் சொல்வார்கள். மழை பொய்த்தாலும் எங்களுக்கு வண்டியில் அரிசி வருகிறதே என்று கிராமத்தார் பெருமூச்சு விடுவார்கள். அவர்களை எழுப்ப விடியுமுன் யாரும் தப்பு அடிப்பதில்லையே என்று லயத்தார் பெருமூச்சு விடுவார்கள். குடும்பத்தை அக்குறணையில் விட்டுவிட்டு இங்கே தனியாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்கு, வீட்டுக்காரியோடு குடித்தனம் நடத்துகிற எல்லார்மேலும் பொறாமை. துரைக்குக்கூட அடுத்த தோட்டத்தில் கோப்பி ஒரு வாரம் முந்திப் பூத்துவிட்டால் அன்றைக்கு முகம் கடுகடுவென்று இருக்கும். இந்த ஊரில் பொறாமைப்படாத உயிர் ஸ்டோரில் கட்டியிருக்கிற வண்டிமாடு மட்டும்தான் என்று அப்பா சொல்வார்.

என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். என் பொறாமைக்கு மலையும் வேண்டாம், ஆறும் வேண்டாம். அது எங்கள் வீட்டுக்குள்ளேயே பாயில் என் பக்கத்தில் படுத்துத் தூங்கியது. அதன் பெயர் பொன்னுத்தாய். என்னைவிட மூன்று வயது இளையவள்.

அவள் பெயர் பொன்னுத்தாய் என்றால் என் பெயர் குப்பம்மாள். அம்மா அவளை "என் ராசாத்தி" என்பாள், என்னை "ஏ குப்பை" என்பாள். தீபாவளிக்கு அவளுக்குப் புதுப் பாவாடை வரும். எனக்கு அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் தைத்தது. அவள் காலில் வெள்ளித் தண்டை கலகலக்கும். எனக்குக் கன்னத்தில் அடுப்புக் கரியைத் தொட்டு வைத்த ஒரு பெரிய பொட்டுதான், அதுவும் குளித்து வந்தவுடனே மறுபடி வைத்துவிடுவாள். யாராவது வீட்டுக்கு வந்தால் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசுவாள், என்னைச் சமையல் பக்கம் தள்ளிவிடுவாள். "மூத்தது நல்லா வளந்துருச்சே" என்று ஒருத்தி வாய் தவறிச் சொன்னால் போதும், "எங்க வளந்துச்சு, சீக்குக் கோழி மாதிரி இருக்கு" என்று அம்மா சட்டென்று வெட்டிவிடுவாள். எனக்குக் காந்தும். யாரும் பார்க்காத நேரத்தில் பொன்னுத்தாயின் தொடையைக் கிள்ளிவிட்டு ஓடியிருக்கிறேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

அவளிடம் இல்லாதது என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஈர மணலில் தொடங்கி, சிலேட்டுக்கு வந்து, ஒன்பது வயதில் அவருடைய மை பேனாவைத் தொடுகிற அளவுக்கு வந்திருந்தேன். ஆகையால், அரசாங்கம் நாட்டு மக்களை எண்ணப் போகிறது என்ற செய்தி வந்து, எங்கள் தோட்டத்துக்கு எண்ணுகிற வேலை அப்பாவின் தலையில் விழுந்தபோது, மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போகும் பாக்கியம் எனக்கே கிடைத்தது. பொன்னுத்தாய் அழுதாள். அவள் அழுதது எனக்கு இனித்தது.

எங்கள் துரை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அரசாங்கம் கேட்டது ஆள் தொகை மட்டும்தான், ஆனால் துரை நீல அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்து, தம்முடைய தோட்டத்துத் தமிழில், "கணக்கப்பிள்ளை, எல்லாம் எழுது. ஆறு எழுது, ரோட்டு எழுது, பாறை எழுது. அப்புறம் ஆள் எழுது. ஒரு பிள்ளை விடாது" என்றார். கூட்டின தொகை மட்டும் கண்டிக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க ஆபீசுக்குப் போகும், புத்தகம் தோட்டத்தில் இருக்கும் என்று ஏற்பாடு. அதனால் அப்பா முதல் பாதியில் ஊரை எழுதினார். ஆறு எங்கே பிறக்கிறது, எந்த வளைவில் ஆழம், கிராமத்து வயலுக்கு வாய்க்கால் எங்கே பிரிகிறது, கண்டிக்குப் போகிற பாதையில் எந்த மாதம் வண்டிச் சக்கரம் புதையும், எல்லாம் எழுதினார். இரண்டு பாறைக்கும் நடுவே நின்று பார்த்தால் தெரிகிற மலைகளை, பெயர் தெரிந்ததைப் பெயரோடும் தெரியாததை "பெயர் தெரியாத மலை" என்றும் எழுதினார். பெயர் தெரியாத மலைக்கே ஒரு வரி கிடைத்தது என்பதைப் பின்னால் நினைத்து நினைத்துப் பொருமினேன்.

பிறகு ஆள். பழம் பறிக்கும் காலத்தில் எண்ணியிருந்தால் லயத்தில் காம்பரா என்கிற ஒவ்வோர் அறைக்கும் ஒரு கூட்டம் இருந்திருக்கும். மழைக்கால மாதங்களில் மதுரைப் பக்கத்திலிருந்தும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் மன்னார் வழியாக நடந்தே வருகிறவர்கள், பழம் முடிந்ததும் வந்த வழியே நடந்து போய்விடுவார்கள். நாங்கள் எண்ணப் போனது அவர்கள் போன பிறகு. பாதிக் காம்பராக்களில் அடுப்பு அணைந்து கிடந்தது. மிச்சம் இருந்தவர்களும் சுலபத்தில் அகப்படவில்லை. எண்ணி எழுதிக்கொண்டு எல்லாரையும் மோரீசுத் தீவுக்குக் கப்பல் ஏற்றப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதில், மேட்டு லயத்து ஆண்கள் பாதிப் பேர் கோப்பிச் செடிக்குள் புகுந்துகொண்டார்கள். நிறைமாதமாக இருந்த ஒருத்தி, "என்னைய ரெண்டா எழுதுங்க ஐயா" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். கடைக்கார நானா மட்டும் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். "கணக்கப்புள்ள, என்ன இங்க எழுதிராதீங்க. ஊட்ட உம்மா என்ன அங்க எழுதி வச்சிருப்பா. ரெண்டு எடத்துலயும் இல்லாம இருக்கிற மனுசன் நான், ஒரு எடத்துலயாவது இருந்துட்டுப் போறேன்." அப்பா யோசித்துவிட்டு, கடையை மட்டும் எழுதி, கடைக்குள் ஆளில்லை என்று எழுதினார்.

மூன்று நாள் அலைந்தோம். காம்பரா காம்பராவாக ஆட்களின் பெயரும் வயதும் அந்தப் புத்தகத்தில் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க, அதில் என் பெயர் எப்படி இருக்கும் என்ற நினைப்பே எனக்குத் தின்பண்டமாக இருந்தது. நாலாம் நாள் அப்பா எங்கள் வீட்டை எழுதினார். அன்றைக்கு என்னை மை தூக்கக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் அவரும் வெகு நேரம் தாழ்ந்த குரலில் பேசியது கேட்டது.

மறுநாள் பிற்பகல், அப்பா ஸ்டோருக்குப் போயிருந்த நேரம், மேசைமேல் இருந்த புத்தகத்தைத் திறந்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் ஆள் கணக்கின் கடைசியில் இருந்தது. அப்பா பெயர், வயது. அம்மா பெயர், வயது. "பெண் பிள்ளை ஒன்று. பொன்னுத்தாய். வயது ஆறு." அதற்குக் கீழே கோடு போட்டு முடித்திருந்தது. பக்கத்தைத் திருப்பினேன், அடுத்த பக்கத்தில் துரையின் ஆசைக்காக வண்டிமாடுகள் ஒவ்வொன்றின் நிறமும் கொம்பின் வாட்டமும் எழுதியிருந்தன. மறுபடி திருப்பினேன். என் பெயர் எங்குமே இல்லை.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது அழுகை அல்ல. அழுகை இரவில் வந்தது. அப்போது வந்தது பொன்னுத்தாயின்மேல் ஒரு வெறி. பாவாடையும் தண்டையும் போதாதென்று புத்தகத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவள், எழுத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா தப்பாக எழுதினதைச் சுரண்டுவதற்கு ஒரு பேனாக்கத்தி வைத்திருப்பார். அதை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பொன்னுத்தாயை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சுரண்டினேன். தாள் மெலிந்து பஞ்சாக வந்தது. ஆறையும் சுரண்டினேன். அந்த இடத்தில் குப்பம்மாள் என்றும் ஒன்பது என்றும் எழுதி, ஊதிக் காயவைத்து, புத்தகத்தை மூடிவிட்டு ஆற்றுக்குப் போய்க் கை கழுவினேன். பிள்ளை ஒன்று என்பது ஒன்றாகவே இருந்தது, தொகை மாறவில்லை, யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்கும் நாள் இரண்டு மாதம் கழித்து வந்தது. அம்மை குத்துவதற்காக யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரை அரசாங்கம் அனுப்பியிருந்தது. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற "பெரட்டுக்களத்தில்" தாய்மாரும் பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். துரை அந்த நீலப் புத்தகத்தையே அவர் கையில் கொடுத்து, இதைப் பார்த்துப் பிள்ளைகளைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டார். அவர் பக்கம் பக்கமாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"குப்பம்மாள். கணக்கப்பிள்ளையின்ர மகள். வயது ஒன்பது. வாங்கோ பிள்ளை."

அம்மா என் தோளில் இருந்த கையால் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் என்னைப் போக விடவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். நானே கையை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். குத்தி முடித்தவர், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்து, "இந்தச் சின்னப் பிள்ளை ஆர்? பேர் இல்லையே" என்றார். "ஓம், பரவாயில்லை, அதின்ர கையையும் காட்டுங்கோ" என்று அவளுக்கும் குத்தினார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "பொன்னுத்தாயி, ஒன்னையத் தவிட்டுக்குல்ல வாங்கிருக்காக!" என்று ஒருத்தி சொல்ல, அவள் ஊசிக்கு அழாதவள் அதற்கு ஓவென்று அழுதாள். எனக்கு நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். நான் பின்பக்கம் போய் மண்சுவரில் காதை வைத்தேன். அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. அவள் குரல் அடியோடு வற்றியிருந்தது.

"எழுத மாட்டேன்னு சாமி சத்தியம் பண்ணீங்களே. நடந்து வந்த வழியில ரெண்டு பிள்ளைய மண்ணுல வச்சிட்டு வந்தோம். மூத்தவளப் பொறந்தன்னைக்கே குப்பையில புரட்டி எடுத்து, பேரையும் கெட்ட பேரா வச்சு, ஒருத்தர் கண்ணு படாம ஒன்பது வருசம் ஒளிச்சு வச்சிருந்தேன். எத்தன பிள்ளன்னு எவ கேட்டாலும் ஒண்ணுன்னுதான் சொல்லியிருக்கேன். இவளப் போயி பேரும் வயசுமா எழுதி, ஊரு முன்னால கூப்பிட வச்சிட்டீங்களே."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அப்பா புத்தகத்தை ஸ்டோரிலிருந்து கொண்டுவந்திருந்தார் போலும். நான் சுவரை விட்டு மெல்ல வந்து, கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். அவர் அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். தாள் மெலிந்த இடத்தில் வெளிச்சம் புகுந்து வந்தது. அதன்மேல் குண்டு குண்டாகச் சாய்ந்து கிடந்த எழுத்து யாருடையது என்று, அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்தார். இடுக்கில் என் கண்ணையும் பார்த்திருப்பார். புத்தகத்தை மூடினார்.

"கை தவறிப்போச்சு" என்றார். "மூத்தவ பேரு பழக்கத்துல வந்துருச்சு."

"சின்னவ பேரு?"

"விட்டுப்போச்சு. சேத்து எழுதிடறேன்."

"வேணாம்" என்றாள் அம்மா. "விட்டது விட்டதாவே இருக்கட்டும். சின்னவளையாவது காப்பாத்திக்கிறேன். இனி இவ எழுத்துப் பக்கமே போக வேணாம்."

அன்றைக்கு அப்பா வாங்கிக்கொண்ட பழியை அவர் சாகும்வரை இறக்கி வைக்கவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா அவரோடு பேசினாள், சோறு போட்டாள், எல்லாம் செய்தாள். ஆனால் அவர் சொல்கிற எதையும் நம்பிச் செய்ததை நான் பார்க்கவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாம் இடம் மாறின. பொன்னுத்தாயின் காலிலிருந்து தண்டையைக் கழற்றி என் காலில் போட்டாள் அம்மா. அடுத்த தீபாவளிக்குப் பச்சைப் பாவாடை எனக்கு வந்தது, கிழிந்த சேலை அவளுக்கு. என்னைக் "குப்பம்மா" என்று முழுப் பெயர் சொல்லி, பெரிய மனுஷியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள். அவளை "ஏ கழுதை" என்றாள். என் கன்னத்துக் கரிப்பொட்டு அவள் கன்னத்துக்குப் போனது. யாராவது வந்தால் என்னை வாசலில் நிறுத்திப் பேசினாள், அவளைப் பின்னால் ஒளித்தாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்று விடாமல் எனக்குக் கிடைத்தது. தண்டை என்றால் என்ன அர்த்தம், கரிப்பொட்டு என்றால் என்ன அர்த்தம் என்று சுவரில் காதை வைத்துத் தெரிந்துகொண்ட பிறகு கிடைத்தது.

தங்கை தண்டைக்காக என் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரவில் அம்மா இருட்டில் கையை நீட்டி, மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். முன்பு அந்த விரல் என் மூக்குக்கு வந்துகொண்டிருந்தது. என் தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்து பார்த்தேன். அம்மா என் பக்கம் வரவே இல்லை.

பிறகு கோப்பிக்கு நோய் வந்தது. இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்து, தொட்டால் விரலெல்லாம் துருவாக ஒட்டும். கொஞ்ச நாளில் இலை உதிர்ந்து செடி குச்சியாக நிற்கும். முதலில் மேட்டு மலை போயிற்று, அப்புறம் ஆற்றுப் பக்கம் போயிற்று. பழம் பறிக்க நடந்து வருகிறவர்கள் ஒரு வருஷம் பாதிப் பேர் வந்தார்கள், அடுத்த வருஷம் வரவில்லை. இருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். நானா கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அக்குறணைக்கே போய்விட்டார். கடைசியில் ஒரே ஓரிடத்தில் இருக்கப் போகிறவர் அவர் ஒருவர்தான் என்று எனக்கு அவர்மேலும் பொறாமையாக இருந்தது. "புத்தகத்துல இருக்கிற ஆளெல்லாம் இனிப் புத்தகத்துலதான்" என்றார் அப்பா.

துரையும் துரைசாணியும் சீமைக்குத் திரும்புவதற்கு முன், கண்டியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தோட்டத்துப் பெண் பிள்ளை ஒன்றைத் தங்கிப் படிக்கச் சேர்த்துவிட்டுப் போக வேண்டும் என்று துரைசாணிக்கு ஓர் ஆசை. யாரைச் சேர்ப்பது என்று அந்த நீலப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். கணக்கப்பிள்ளைக்குப் பெண் பிள்ளை ஒன்று என்று இருந்தது. பெயரும் இருந்தது. அப்படித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

போகவேண்டாம் என்று அம்மா தடுப்பாள், அழுவாள் என்று இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து கேட்டபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "எழுதின பிள்ளை போகட்டும். எழுதாதது எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். வண்டி ஏறும்போது பொன்னுத்தாய் பாதையோரம் நின்று, பாவாடை முனையை வாயில் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகிறவளைப் பார்க்கிற பார்வை அது. அவள் தோளில் இருந்த அம்மாவின் கையை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் சொல்வதற்கு அதிகம் இல்லை. நான் படித்தேன், படித்த பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன், கண்டி ஏரிக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டில் குடியிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்திலேயே இருந்தார்கள். கோப்பி வேரைப் பிடுங்கின இடத்தில் கொஞ்ச காலம் சிங்கோனாவும் பிறகு தேயிலையும் வந்தன. பொன்னுத்தாயை அங்கேயே ஒரு கங்காணி மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அம்மா படுத்த படுக்கையானபோது நான் லீவு போட்டுக்கொண்டு போய்ப் பதினோரு நாள் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் கேட்டாலும் கஞ்சி கேட்டாலும் அவள் கூப்பிட்டது "ஏ கழுதை" என்றுதான். கழுதை ஓடி வரும். நான் போனால், "நீ உக்காரு குப்பம்மா, நீ படிச்ச பிள்ளை" என்பாள். அவள் மூச்சு நின்றபோது அவள் கை தங்கையின் கைக்குள் இருந்தது. என் கையில் விசிறி இருந்தது.

இரட்டைப்பாறை இப்போது முழுக்கத் தேயிலை. ஆறு வற்றிக் கல்லாகக் கிடக்கிறது. புளிப்பு நாற்றம் என்று சொன்னால் அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆற்று லயத்தை இடித்துவிட்டார்கள். நீலப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று பெரிய கங்காணி சொன்னார். ஒரு சமயம், கண்டிக் கச்சேரியில் வேலை பார்க்கிற பழைய மாணவி ஒருத்தியிடம், இரட்டைப்பாறையின் அந்தக் காலத்துத் தொகை எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். தேடிவிட்டு, தோட்டம் தோட்டமாக இல்லை, எல்லாத் தோட்டத்தையும் சேர்த்து ஒரே தொகையாகத்தான் இருக்கிறது டீச்சர் என்று சொன்னாள்.

போன வருஷம் கண்டிப் பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த பொன்னுத்தாய் என் வீட்டில் நாலு நாள் தங்கினாள். கிழவியாகிவிட்டாள், பல் இல்லை, ஆனால் சிரித்தால் அந்த ஆறு வயசு வந்துவிடும். கடைசி நாள் காலையில் தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டே, என் புத்தக அலுமாரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ குடுத்து வச்சவ அக்கா" என்றாள். "ஒண்ணத்தான் எழுதணும்னு இருந்திருக்கும், அம்மா ஒம்பேரச் சொல்லிருக்கும். அதுல எனக்குக் கோவம் இல்ல. அம்மா என்னையப் பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாக. ஆனா எழுதும்போது மட்டும் ஏன் என்னைய விட்டுச்சுன்னு, அது போற வரைக்கும் கேக்கத் தைரியம் வரல. தவிட்டுப் பிள்ளைன்னு நெசமாத்தான் சொன்னாகளோன்னு இப்பவும் ராத்திரியில நெனப்பேன்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். உன் பெயரைச் சுரண்டியது நான், உன்னை எழுதாமல் விட்டது அம்மாவுக்கு உன்மேல் இருந்த உயிர் என்று சொல்லிவிட்டால் அறுபது வருஷத்துச் சுமை அவள் நெஞ்சிலிருந்து இறங்கிவிடும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அம்மாவின் மடியும் இருட்டில் நீண்ட விரலும் கடைசிக் கையும் அவளுக்கே போயின. அதெல்லாம் என்னவென்று தெரிந்துவைத்திருப்பது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதையும் எடுத்து அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டேன். ஊற்றினேன். குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு இத்தனை பேருக்கு முன்னால் அச்சில் போடுகிறாயே, அவள் பார்த்தால் என்ன ஆவது என்று கேட்பீர்கள். பார்ப்பாள். அக்கா எழுதியது என்று யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால், மடியில் வைத்துத் தடவி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போனது நான்தான்.